மயில் வடிவாகத்தான் இருந்தது, ரோர்ச் ஏன் இடித்தது?

கேள்வி: வணக்கம் அண்ணை. அப்பாவும் நானும் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் கேற், கிறில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறோம். ஒன்றரை வருடத்துக்கு முன்னர் கடன்பட்டு, கணினிப் படத்தின்படி இரும்புத் தகடு வெட்டும் பிளாஸ்மா மேசை ஒன்று வாங்கினோம். நாங்களே ஓட்டோகாட்டில் வரையும் சின்ன வேலைகளை ஒழுங்காக வெட்டுகிறது. வெளியில் இருந்து வரும் டிஎக்ஸ்எஃப் (DXF) படக் கோப்பு என்றால்தான் வில்லங்கம். போன மாதம் கனடாவில் இருந்து ஒருவர், இங்கே இருக்கும் தன் அம்மாவின் வீட்டுக் கேற்றுக்கு என்று ஒரு டிசைன் அனுப்பினார். இரண்டு பக்கமும் மயில், நடுவில் கும்பம், மேலே பனைமரம், கீழே ‘முருகன் துணை’. படத்தை வெட்டுக் கட்டளையாக மாற்றும் காம் மென்பொருளில் போட்டால் பாதிக் கோடுகள் திறந்த கோடு என்று நிற்கின்றன. ஒருவாறு வெட்டத் தொடங்கினோம். கும்பத்தடியில், தகட்டை வெட்டும் ரோர்ச் திடீரென்று கீழே இறங்கித் தகட்டில் இடித்து நொசில் உடைந்தது. மயில் தோகை முழுக்கப் பல்லுப் பல்லாக வந்தது. எட்டுக்கு நாலு தகடு ஒன்று வீண். அப்பா மெசின் பிழை என்கிறார். மெசின் விற்றவர் மென்பொருள் பிழை, புதிது வாங்குங்கள் என்கிறார். ஆர் சொல்வது சரி? கோப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. மெசின் தனக்குத் தந்த படத்தை அப்படியே வெட்டியிருக்கிறது. மென்பொருளும் தன் வேலையைச் செய்திருக்கிறது, திறந்த கோடு இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னதே அதுதானே. நீங்கள் அதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கோபிக்க வேண்டாம், நானும் கன வருடம் கேட்காமல்தான் வெட்டினேன்.

உங்கள் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வடிவான படம். வரைந்த ஆளுக்குக் கை நன்றாக ஓடுகிறது. ஆனால் அவர் அதைக் கண்ணுக்கு வரைந்திருக்கிறார், ரோர்ச்சுக்கு வரையவில்லை. தாளில் அச்சடித்தால் ஒரு கோட்டுக்கு மேல் இன்னொரு கோடு கிடந்தாலும் ஒரு கோடாகத்தான் தெரியும். ரோர்ச் இரண்டு தடவை போகும்.

கும்பத்தில் நடந்ததை முதலில் சொல்கிறேன், நொசில் உடைந்தது அங்கேதான். வரைந்தவர் இடது பாதியை மட்டும் வரைந்து கண்ணாடிப் பிம்பம் போல வலது பக்கத்துக்குப் பிரதி எடுத்திருக்கிறார். எல்லாரும் செய்வதுதான். ஆனால் பிரதி எடுக்க முதல், பாதிக் கும்பத்தை நடுக்கோட்டால் மூடியிருக்கிறார். ஆக நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு நேர்கோடுகள். உண்மையில் அந்த இடத்தில் ஒரு கோடும் இருக்கக் கூடாது. மெசினுக்கு அது ஒரு கும்பம் இல்லை, முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு பாதிக் கும்பங்கள். முதல் பாதியை வெட்டியதும் அந்தத் துண்டு கீழே விழுந்துவிட்டது. இரண்டாவது பாதிக்கு நடுக்கோட்டில் ரோர்ச் வரும்போது கீழே தகடு இல்லை, வெறும் ஓட்டை. ரோர்ச்சுக்கும் தகட்டுக்கும் இடையில் எரியும் மின்வில் நீளும், வோல்ற்றேஜ் ஏறும். உங்கள் ரோர்ச் உயரக் கட்டுப்பாட்டுக்குத் தெரிந்த ஒரே கணக்கு, வோல்ற்றேஜ் ஏறினால் ரோர்ச் உயரத்தில் நிற்கிறது, இறக்கு என்பதுதான். இறக்கியது. பக்கத்தில் நின்ற தகட்டில் இடித்தது. மெசினில் ஒரு பிழையும் இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓட்டோகாட்டில் ஓவர்கில் என்ற கட்டளை இரட்டைக் கோடுகளை அழிக்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கே அதைப் போட்டால் இரண்டில் ஒன்றை அழித்து மற்றதை விட்டுவிடும். கும்பத்தின் நடுவில் ஒரு கோடு அப்போதும் கிடக்கும். அது தேவையில்லை என்பது கும்பம் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஆளுக்குத்தான் விளங்கும். கண்ணாடிப் பிரதி எடுத்த படம் என்று தெரிந்தால் முதல் வேலையாக நடு அச்சைப் பெரிதாக்கி மேலிருந்து கீழே ஒருக்கால் பாருங்கள். ஒரு கோட்டைத் தொட்டு அழியுங்கள். கோடு போகாமல் அதே இடத்தில் நின்றால் அடியில் இன்னொன்று இருக்கிறது. இதைவிடச் சுகமான சோதனை எனக்குத் தெரியாது.

சரி, திறந்த கோடுகளுக்கு வருவோம்.

டிஎக்ஸ்எஃப் என்பது 1982 இல் ஓட்டோகாட் முதன்முதலில் வந்தபோது அதனோடு வந்த கோப்பு வடிவம். பெரும்பாலும் அது வெறும் எழுத்துக் கோப்புத்தான், நோட்பேட்டில் திறந்து வாசிக்கலாம். ஒருக்கால் திறந்து பாருங்கள், பயம் போய்விடும். ஒரு நேர்கோடு என்றால் 10 என்ற எண்ணுக்குக் கீழ் தொடக்கப் புள்ளியின் எக்ஸ், 20 க்குக் கீழ் வை, 30 க்குக் கீழ் இசட். 11, 21, 31 ஆகியவற்றின் கீழ் மறுமுனை. 8 க்குக் கீழ் லேயரின், அதாவது அந்தக் கோடு கிடக்கும் அடுக்கின் பெயர். உங்கள் கோப்பில் பனைமரத்தின் அடியில் ஒரு கோடு 412.500 இல் முடிகிறது, அதைத் தொட்டுக்கொண்டு நிற்பதாகத் தெரியும் அடுத்த கோடு 412.525 இல் தொடங்குகிறது. இடைவெளி 0.025 மில்லிமீற்றர். தலைமயிரைவிட மெல்லியது, திரையில் எப்படித் தெரியும்? ஆனால் காம் மென்பொருளுக்கு எண்தான் தெரியும். இரண்டு எண்ணும் ஒன்றில்லை என்றால் கோடு திறந்தது. திறந்த கோட்டுக்கு உள்ளே எது வெளியே எது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ரோர்ச் தின்னும் வெட்டு அகலத்தை உள்ளுக்கா வெளிக்கா ஒதுக்குவது என்று தெரியாமல் நிற்கிறது.

இந்த 0.025 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். படம் அங்குலத்தில் வரைந்தது. அதை வெளியே எடுத்தபோது மூன்று தசம தானத்தோடு வெட்டியிருக்கிறார்கள். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 0.0254 மில்லிமீற்றர். நீங்கள் 25.4 ஆல் பெருக்கியபோது அந்தச் சின்ன வழுவும் சேர்ந்து பெருகிவிட்டது.

அங்குலம் என்று கண்டுபிடித்துப் பெருக்கியது கெட்டித்தனம். எனக்கு முதல் தடவை அது தெரியவில்லை. வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு ஜன்னல் கிறில் படத்தை அப்படியே மெசினுக்குக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் மூன்று அடிக் கிறில் நெருப்புப்பெட்டி அளவில் கருகிக் கிடந்தது. அதிலிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் எனக்குத் தெரிந்த ஓர் அளவை எடுத்து முதலில் அளப்பேன். உங்கள் பலகம் 3 அடி அகலம். அளந்தால் 914.4 வந்தால் மில்லிமீற்றர். 36 வந்தால் அங்குலம், 25.4 ஆல் பெருக்கு. 3 வந்தால் அடி, 304.8 ஆல் பெருக்கு. 0.9144 வந்தால் மீற்றர், வீட்டுப்படம் வரைபவர்கள் சிலர் அப்படித் தருவார்கள். 857.25 என்று ஒரு விசர் எண் வந்தால்? அதுவும் வரும். இங்க்ஸ்கேப் முன்னர் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்று கணக்கு வைத்திருந்தது, 2017 இல் வந்த 0.92 பதிப்பில் இருந்து 96. பழைய கோப்பைப் புதியதில் திறந்தாலோ, வேறு மென்பொருள் மாறிக் கணக்கெடுத்தாலோ படம் பதினாறில் ஒரு பங்கு சுருங்கும், அல்லது பதினைந்தில் ஒரு பங்கு பெருக்கும். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கேற் சட்டத்துக்குள் வைக்கும்போதுதான் இரண்டு அங்குலம் காணாது.

அளக்கும்போது படத்தில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அவசரத்தில் படத்தைத் திருத்தாமல் அளவெழுத்தை மட்டும் மாற்றிவிடும் ஆக்கள் இருக்கிறார்கள். கோட்டை அளந்து பாருங்கள், அகலத்தில் ஒன்று, உயரத்தில் ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் வந்தால்தான் பெருக்கலாம். ‘ரெண்டு அங்குலம் மூண்டு நூல்’ என்று அப்பா சொல்லும் அளவையும் இந்தக் கட்டத்திலேயே மில்லிமீற்றருக்கு மாற்றி எழுதி வைத்துவிடுங்கள். ஒரு நூல் 3.175. வாயால் சொன்ன அளவைப் பிறகு தேட ஏலாது.

அளவு சரிவந்த பிறகுதான் சுத்தம் செய்யத் தொடங்க வேண்டும். ஒழுங்கு மாறினால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அளவுக்கோடு, தலைப்புக் கட்டம், நடுக்கோடு, நிழல்கோடு எல்லாவற்றையும் அழியுங்கள். மறைத்து வைத்த, உறைய வைத்த லேயர்களையும் திறந்து பார்த்து அழியுங்கள். உங்கள் திரையில் மறைந்திருப்பது காம் மென்பொருளில் எழும்பி வரலாம். உங்கள் கோப்பில் அப்படி ஒரு லேயரில் வேறொரு வீட்டுக் கேற்றின் பழைய டிசைன் அரைவாசி கிடக்கிறது. பிறகு பிளொக்குகளை, அதாவது ஒன்றாகக் கட்டி வைத்த கோட்டுக் கூட்டங்களை உடையுங்கள். ஒரு பிளொக்குக்குள் இன்னொரு பிளொக் இருக்கும், ஒரு தடவை உடைத்தால் போதாது.

அதற்கடுத்தது தட்டையாக்குவது. இதைத்தான் கன பேர் விட்டுவிடுகிறார்கள். முப்பரிமாணப் படத்தில் இருந்து எடுத்த கோடு சில வேளை இசட்டில் 5 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கும். மேலிருந்து பார்த்தால் மற்றக் கோட்டைத் தொடுகிறது, பக்கத்தில் இருந்து பார்த்தால் பரணில் நிற்கிறது. அதை எத்தனை தரம் பொருத்தினாலும் பொருந்தாது. இரட்டைக் கோடு தேடும் கட்டளைக்கும் பிடிபடாது. ஃபிளாற்றன் கட்டளை இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இசட் பெறுமானங்களைப் பூச்சியமாக்குங்கள். சில வில்கள் மட்டும் படத்தை விட்டு மறுபக்கத்தில் போய்க் கண்ணாடியில் பார்த்தது போல் நிற்கிற கோப்பும் உங்களுக்கு ஒருநாள் வரும். அந்த வில்கள் கீழ்ப்பக்கம் பார்த்தபடி வரையப்பட்டவை, வாசிக்கும் மென்பொருள் அதைக் கவனிக்கவில்லை. வை அச்சைப் பற்றிப் பிம்பம் எடுத்தால் தங்கள் இடத்துக்கு வந்துவிடும்.

இனித்தான் ஓவர்கில். எவ்வளவு விலகல் வரை ஒரே கோடு என்று எடுப்பது என்ற அதன் அளவெல்லை முதலில் மிகமிகச் சிறிதாக இருக்கும், 0.01 ஆக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கோப்பில் 2,914 உருப்படிகள் இருந்தன, இந்த இடத்துக்கு வரும்போது 1,100 க்குக் கீழே வந்துவிட்டது. இரட்டைக் கோட்டை அகற்றிய பிறகுதான் பொருத்த வேண்டும். முதலில் பொருத்தினால் போன வழியே திரும்பி வருகிற ஒரு கோடு உருவாகிவிடும், அதைப் பிரித்தெடுப்பது நூல் சிக்கு எடுப்பது போல.

பொருத்துவதற்குப் பிஎடிற் கட்டளையில் மல்ரிப்பிள் என்று எடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தால், எவ்வளவு இடைவெளி வரை பொருத்தலாம் என்று கேட்கும். இந்த ஓர் எண்ணில்தான் உங்கள் கைவேலை இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் படித்த ஒரு பெடியன் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்தான். கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். திறந்த கோடு ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று 1 மில்லிமீற்றர் கொடுத்தான். எல்லாம் பொருந்தியது. அதுவும் பனையோலை. பக்கத்துப் பக்கத்தில் நின்ற ஓலை நுனிகளுக்கு இடையில் 0.8 மில்லிமீற்றர்தான் இருந்தது. நுனியோடு நுனி ஒட்டி, விரிந்த ஓலை கைவிசிறி போல மூடிக்கொண்டது. தகட்டில் வெட்டிய பிறகுதான் இரண்டு பேரும் கண்டோம், அவனை மட்டும் ஏச எனக்கு வாய் வரவில்லை. முதலில் 0.01, பிறகு 0.05, பிறகு 0.1 என்று ஏறுங்கள். உங்கள் கோப்பில் 0.05 இலேயே இருபதுக்குக் குறைவாகத்தான் மிஞ்சின. அவற்றை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் கையால் மூடுங்கள். படத்தில் மிகச் சிறிய இடைவெளி எதுவோ, அதன் பாதியை இந்த எண் ஒருநாளும் தாண்டக் கூடாது.

மயில் தோகை பல்லாக வந்ததற்குக் காரணம் வேறு. அது வரைந்த தோகை இல்லை, யாரோ ஒரு படத்தைக் கணினியால் ஒற்றியெடுத்தது. ஒரு தோகைக் கண்ணுக்கு மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட குட்டிக் கோடுகள், ஒவ்வொன்றும் கால் மில்லிமீற்றர். ஒவ்வொரு கோட்டு முடிவிலும் திசை கொஞ்சம் மாறுகிறது. முன்னுக்கு என்ன வருகிறது என்று எட்டிப் பார்க்கத் தெரியாத கொன்ட்ரோலர் (மெசினை ஓட்டும் பெட்டி) ஒவ்வொரு முடிவிலும் வேகத்தைக் குறைத்துத் திரும்பக் கூட்டும். பிளாஸ்மாவில் வேகம் குறைந்தால் வெட்டு அகலிக்கும், அடியில் கசடு ஒட்டும். உங்கள் பல்லு அதுதான். மர வேலைக்கு றூற்றர் வைத்திருப்பவர்களுக்கு இதே பிழை கருகல் தழும்பாக வரும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. வட்டத்தைக் கோடுகளாக மாற்றும்போது கோட்டின் எண்ணிக்கை போதாமல் போவது. 50 மில்லிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தை 16 கோடாக உடைத்தால் ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் உள்ளே போகும், கையால் தடவினாலே மூலை தெரியும். 64 கோடு என்றால் 0.06 தான், பிளாஸ்மாவுக்குக் கணக்கில் இல்லை. 3 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் உங்கள் ரோர்ச் வெட்டும் அகலமே ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். ஆனால் வட்டம் வட்டமாகவும் வில் வில்லாகவும் போவதைப் போல் வராது. வெட்டுக் கட்டளைக் கோப்பைத் திறந்து பாருங்கள். போல்ற் ஓட்டை ஒன்றுக்கு ஜி 02 அல்லது ஜி 03 என்று ஒன்றிரண்டு வரி இருந்தால் அது வில். ஜி 01 நாற்பது வரி இருந்தால் உடைந்த வட்டம், அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வட்டத்தைப் போடுங்கள், அரை நிமிட வேலை.

தோகைக்கும் அதைத்தான் சொல்வேன். சுத்தம் செய்யாதீர்கள், திரும்ப வரையுங்கள். ஒற்றியெடுத்த படத்தை ஒரு லேயரில் பூட்டி வைத்துவிட்டு அதன் மேல் ஒரு தோகைக் கண்ணை ஐந்து வில்லால் வரையலாம். வரைந்ததைப் பிரதி எடுத்துச் சுழற்றி வைத்தால் முழுத் தோகையும் முடிந்தது. நான் உங்கள் கோப்பில் செய்து பார்த்தேன், நாற்பது நிமிடம். குட்டிக் கோடுகளைச் செதுக்கிச் செதுக்கி அரைநாள் இருந்திருந்தாலும் இந்த ஒழுங்கு வந்திருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படத்தை ஒற்றியெடுத்த எதற்கும் எனக்கு இதே முடிவுதான். பிடிஎஃப் வந்தால் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கூர்மையாகவே நின்றால் இறக்கி எடுத்துத் திருத்தலாம், கட்டம் கட்டமாக உடைந்தால் அது வெறும் புகைப்படம். தடித்த கோட்டால் வரைந்த படத்தை ஒற்றினால் ஒரு கோட்டுக்கு இரண்டு விளிம்பு வரும், அதையும் திருத்த நிற்க வேண்டாம்.

ஓவர்கில்லைக் கண்ட இடத்தில் எல்லாம் போடக் கூடாது என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். தூணடித் தகடு 20 வெட்ட வேண்டும், ஐந்துக்கு நாலாக ஒட்டி ஒட்டி வரைந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பெட்டிக்கு நாலு பக்கமாக மொத்தம் 80 கோடு. ஆனால் தனித்த கோடு 49 தான், 31 கோட்டில் ரோர்ச் இரண்டாம் தரம் போகும். ஓவர்கில் போட்டால் 49 ஆகிவிடும். ஆனால் பெட்டி என்று ஒன்று இனி இருக்காது, வெறும் வலைதான் மிஞ்சும், வெட்டு அகலத்தை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஒவ்வொரு தகடும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் குறையும். இங்கே கோட்டை அழிக்காமல் பெட்டிகளை 5 மில்லிமீற்றர் விலத்தி வைப்பதுதான் வழி. கொஞ்சத் தகடு வீண்போகும், போகட்டும்.

‘முருகன் துணை’க்கு வருவோம், தமிழ் எழுத்தில் உங்களுக்கு மேலும் இரண்டு வில்லங்கம் இருக்கிறது. ஒன்று, எழுத்து எழுத்தாகவே வந்தால் உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டும். பாமினியில் அடித்ததைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. யுனிகோடில் அடித்ததைப் பழைய மென்பொருளில் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், இல்லையென்றால் வெறும் கேள்விக்குறிகள். அனுப்புகிற ஆளிடமே எழுத்தைக் கோடாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். மாற்றிய பிறகும் சில எழுத்துருவில் கொம்பும் எழுத்தும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும், கோரல்ட்ரோவில் வெல்ட் என்று இருப்பதைப் போட்டு ஒன்றாக்க வேண்டும். உங்கள் கோப்பில் ‘ணை’ அப்படித்தான் இருக்கிறது.

மற்றது, ஓட்டை வெட்டுகிறபோது எழுத்தின் வயிறு விழுந்துவிடும். ‘மு’வுக்குள் இருக்கும் சுழியும் ‘க’வின் உள்வயிறும் எதையும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 4 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பாலம் போட்டு வெளியில் உள்ள தகட்டோடு இணைக்க வேண்டும். பாலத்தை எழுத்தின் தடித்த இடத்தில் நேராக மேலும் கீழுமாகப் போட்டால் கண்ணுக்கு உறுத்தாது. ஓட்டை இல்லாமல் எழுத்தையே தகடாக வெட்டிக் கம்பியில் ஒட்டுவதாக இருந்தால் வயிற்றுப் பிரச்சினை இல்லை, ஆனால் ‘ன்’னின் புள்ளி ஆகாயத்தில் நிற்கும். அதற்கு ஒரு காம்பு வரைய வேண்டும். புள்ளியில்லாத ‘முருகன’ வீட்டு வாசலில் நிற்கிற கேற் ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது, எவர் செய்தது என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசியாகச் சேமிக்கும்போது டிஎக்ஸ்எஃப் ஆர் 12 என்ற பழைய பதிப்பாகச் சேமியுங்கள், அனேகமாக எல்லா மென்பொருளும் வாசிக்கும். ஆனால் ஆர் 12 இல் ஸ்பிளைன் என்ற வளைகோடும் நீள்வட்டமும் கிடையாது, அவற்றைக் குட்டிக் கோடாக உடைத்துவிடும். திரும்பவும் தோகைக் கதைதான். ஆகவே முன்னரே வில்லாக மாற்றிவிடுங்கள். லேயருக்கும் கோப்புக்கும் தமிழில் பெயர் வைக்க ஆசையாக இருக்கும், எனக்கும் ஆசைதான். ஆர் 12 லேயர்ப் பெயருக்கு அது சரிவராது, பென்ட்ரைவில் கொண்டுபோனால் கொன்ட்ரோலரும் சில வேளை கோப்பையே காட்டாது. சின்ன ஆங்கிலப் பெயராக வையுங்கள். உள்வெட்டு ஒரு லேயர், வெளிவெட்டு ஒரு லேயர். உள்வெட்டு எல்லாம் முடிந்த பிறகுதான் வெளிவெட்டு. பலகம் கழன்று ஆடத் தொடங்கினால் பிறகு உள்ளே ஓட்டை எந்த இடத்தில் வரும் என்று சொல்ல முடியாது.

வெட்ட முதல் ஓர் எண்ணிக்கை பாருங்கள். உங்கள் கொன்ட்ரோலரில் ரோர்ச்சைப் பற்ற வைக்கும் கட்டளை எதுவோ, பலவற்றில் எம் 03, அது வெட்டுக் கோப்பில் எத்தனை தடவை வருகிறது என்று நோட்பேட்டில் தேடுங்கள். படத்தில் மூடிய கோடு எத்தனையோ அத்தனைதான் வர வேண்டும். உங்கள் மயில் படத்தில் 96 மூடிய கோடு இருக்க, நீங்கள் வெட்டிய கோப்பில் 341 தடவை வருகிறது. ஒவ்வொரு தடவை துளைக்கும்போதும் எலெக்ரோட்டும் நொசிலும் தேய்கின்றன. மாதாமாதம் நொசிலுக்குக் காசு ஏன் போகிறது என்று அப்பா கேட்டிருப்பாரே, மறுமொழி இதுதான். எண் சரிவந்தால் ரோர்ச்சைப் பற்ற வைக்காமல் உயரத்தில் வைத்து ஒருக்கால் ஓடவிட்டுப் பாருங்கள்.

மென்பொருள் வாங்கச் சொன்னார்கள் என்றீர்களே, வேண்டாம். மேலே சொன்னதில் அனேகமாக எல்லாவற்றையும் உங்களிடம் இருக்கும் ஓட்டோகாட்டிலேயே செய்யலாம். அந்தக் காசுக்கு நொசிலும் இரண்டு தகடும் வாங்கி வையுங்கள். வாடிக்கையாளரிடம் மட்டும் முதலே கதைத்துக்கொள்ளுங்கள். மில்லிமீற்றரில் வரைந்தது, எழுத்து கோடாக மாற்றியது, அளவெழுதிய பிடிஎஃப் ஒன்று தனியாக. இந்த மூன்றும் இருந்தால் வெட்டுக்கூலி மட்டும். இல்லாவிட்டால் படம் திருத்தும் கூலி தனி என்று விலை சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். அரைமணி நேரம் வரை நான் காசு எடுப்பதில்லை, அதற்கு மேல் மணிக்கணக்கு. முதலில் சிலர் முகம் சுளித்தார்கள். ‘படம்தானே தந்தனான், வெட்டுறதுக்கென்ன’ என்பார்கள். பாதி உடைந்த ஒரு நொசிலை மேசை இலாச்சியில் வைத்திருக்கிறேன், அதை எடுத்துக் காட்டுவேன்.

திருத்திய கோப்பை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தோகையும் கும்பமும் முடித்துவிட்டேன். பனையோலையில் மிஞ்சிய திறந்த கோடுகளையும் ‘மு’வின் பாலத்தையும் வேண்டுமென்றே உங்களுக்கு விட்டிருக்கிறேன். முதல் வெட்டைத் தகட்டில் போட வேண்டாம், ரோர்ச்சைக் கழற்றிவிட்டு ஒரு மார்க்கர் பேனையைக் கட்டிக் கடதாசி மட்டையில் வரைய விடுங்கள். பேனை ஒரே கோட்டில் இரண்டு தரம் போனால் அந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்ப்பம்.